அடிபட்டவரை ஆபரேஷன் டேபிள் வரை கொண்டு சேர்ப்பது எப்படி

நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 22 வருடமாக இந்த வேலை. சர்ஜன் கை நீட்டினால் கேட்காமலே கருவியை எடுத்துக் கொடுப்பது, வயிற்றுக்குள் போன துணியும் வெளியே வந்த துணியும் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவது, ஒரு ரத்தப் பை தீருமுன் அடுத்த பைக்கு ஆள் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊர்களுக்கு நடுவே போகிறது. வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்தச் சாலையில் எங்கே வண்டி மோதினாலும், அடுத்த ஒரு மணி நேரத்தில் இங்குள்ள ஏதோ ஒரு தியேட்டரில் விளக்கு எரியும்.

கத்தி பிடிப்பது சர்ஜன். ஆனால் அந்தக் கத்திக்கு நேரம் மிச்சம் இருக்குமா என்பதை, ரோட்டில் முதலில் ஓடி வந்தவரும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னவரும், காஷுவாலிட்டியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவரும் சேர்ந்து முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் என்றாவது நிற்க வேண்டி வரலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி விழுந்தார். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு நாலு தையல், ஒரு டி.டி. ஊசி, ஒரு பாட்டில் டிரிப். பி.பி. நார்மல், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டரை மணி நேரம் அங்கேயே படுத்திருந்தார். இடது தோள்பட்டை வலிக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். விழுந்ததில் அடிபட்டிருக்கும் என்று அக்கா தைலம் தேய்த்துவிட்டாள். அப்புறம் பாத்ரூம் போக எழுந்தவர் அப்படியே சரிந்தார். இரண்டாவது ஆஸ்பத்திரியில் அன்று இரவு மயக்க மருந்து டாக்டர் இல்லை. மூன்றாவதாக நான் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டு வந்தார்கள். எனக்கு டியூட்டி இல்லாத நாள். உள்ளே போகவில்லை, வெளியே அக்காவோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில் பார் விலாவில் குத்தி மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்தது. வயிறு முழுக்க ரத்தம். காப்பாற்ற முடியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அந்த நெற்றித் தையல் மட்டும் அவ்வளவு அழகாக இருந்தது.

ரத்தம் போய் ஒளியும் இடங்கள்

வளர்ந்த ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரோட்டில் கொட்டிய ரத்தத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது சேரக்கூடிய இடங்கள் நாலு: நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை. ஒரு தொடை எலும்பு முறிந்தாலே தோல் கிழியாமல் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிடும். இடுப்பெலும்பு உடைந்தால் அதற்கும் மேல்.

பி.பி. நார்மல் என்ற வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். ரத்தம் குறையக் குறைய இதயம் வேகமாக அடித்தும், கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் உடம்பு சமாளிக்கிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போகும்வரை பி.பி. தாக்குப்பிடிக்கும், அதுவும் இளவயதுக்காரர்களுக்கு. அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கும். அதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள் இவை: நாடி வேகமாக ஓடும், உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கும், தாகம் எடுக்கும், ஆள் காரணமில்லாமல் பதறுவார் அல்லது எரிந்து விழுவார். வயிற்றில் அடிபட்டவர் இடது தோள்பட்டை வலி என்றால், மண்ணீரல் உடைந்து வயிற்றில் சேர்ந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பை) உறுத்துவதால் வரும் வலியாக இருக்கலாம். குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து வயிற்றில் ஹேண்டில் பார் வட்டமாகப் பதிந்திருந்தால், சீட் பெல்ட் போட்டவர் வயிற்றில் பட்டையாகச் சிவந்திருந்தால், அவர்கள் நடந்து வந்தாலும் ஸ்கேன் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

தலைக்கும் இப்படி ஒரு ஏமாற்று வேலை உண்டு. விழுந்து ஒரு நிமிடம் மயங்கி, எழுந்து நன்றாகப் பேசி, டீ குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது. நேரத்தோடு வந்தால் மண்டையைத் திறந்து அந்தக் கட்டியை எடுத்துவிடலாம். எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு பக்கக் கண்மணி பெரிதாவது, ஒரு கை சோர்வது, இதில் எது இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். "குடிச்சிருக்கான், தூங்கட்டும், காலையில சரியாயிடும்" என்ற பேச்சு எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று எங்களுக்குத்தான் தெரியும். குடித்தவர் தலையில் அடிபட்டால் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டும். போதையும் மூளைக் கசிவும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும்.

ரோட்டில் நிற்கும்போது

108-க்குப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது, சென்னைக்குப் போகிற பக்கமா, பெங்களூருக்குப் போகிற பக்கமா என்பது. நடுவில் தடுப்புச் சுவர் உள்ள ரோடு இது. ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். கிலோமீட்டர் கல், டோல்கேட்டுக்கு முன்னாலா பின்னாலா, பக்கத்தில் எந்த ஓட்டல், எந்த மேம்பாலம் என்று சொல்லுங்கள். எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்கு அடியில் சிக்கியிருக்கிறார்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்று தனி எண்ணும் இருக்கிறது. போனை எடுத்தவுடன் மணி பாருங்கள். அடிபட்ட நேரம் எது என்பது பின்னால் மருந்தையே தீர்மானிக்கும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ரத்தம் வழிகிற இடத்தில் துண்டையோ லுங்கியையோ புடவை முந்தானையையோ மடித்து வைத்து, இரண்டு கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டாம். அப்போதுதான் உறைய ஆரம்பித்தது பிய்ந்து வரும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கையிலோ காலிலோ பீறிட்டு அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு, ஒயர், ஷூ லேஸ் வேண்டாம். அவை தசையை அறுக்கும். கட்டிய மணியைப் பேனாவால் நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். எங்களிடம் வரும்வரை தளர்த்த வேண்டாம்.

காப்பித் தூள், மஞ்சள் தூள், சுண்ணாம்பு, பேனா மை எதையும் காயத்தில் அப்பாதீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் உடைந்த எலும்பில் ஒட்டிய காப்பித் தூளைச் சலைன் ஊற்றி ஊற்றிக் கழுவ எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். கம்பி, கண்ணாடி, மரச் சிராய் உடம்பில் குத்தியிருந்தால் பிடுங்க வேண்டாம். அதுவே உள்ளே ஒரு ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆடாமல் சுற்றித் துணி வைத்து அப்படியே கொண்டு வாருங்கள்.

தண்ணீரும் சோடாவும் கொடுக்காதீர்கள். தாகம் என்று கெஞ்சுவார், மனசு கேட்காது. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் போனால், வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தும் அவரை இழக்க நேரிடும். உதட்டை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், போதும்.

தூக்கும்போது இரண்டு கையை ஒருவர், இரண்டு காலை ஒருவர் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குவது நம் பக்கத்துப் பழக்கம். ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துத் தலை தொங்கத் தொங்கக் கூட்டி வருவதும் அப்படித்தான். புளிய மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்தவர்கள் முக்கால்வாசி முதுகெலும்புக் கேஸ். ஆம்புலன்ஸ் ஐந்து, பத்து நிமிடத்தில் வரும் என்றால் காத்திருங்கள். ஜவ்வாது மலை மாதிரி இடத்தில் காத்திருக்க வழியில்லை என்றால், கதவுப் பலகையிலோ பெஞ்சிலோ தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்க நாலு பேர் சேர்ந்து தூக்கிச் சமமாகப் படுக்க வையுங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல் ஆளையே ஒரு பக்கமாக உருட்டுங்கள். ஹெல்மெட்டை, மூச்சுக்குத் தடையாக இருந்தால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம்.

போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களோ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி இதற்கென்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். உதவி செய்தவரைப் பெயர், விலாசம் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. அடிபட்டவரைச் சேர்த்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

எங்கே கொண்டு போவது

என் அக்கா குடும்பம் தோற்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி நல்லது என்பது பாதி உண்மை. மூச்சே நின்றுகொண்டிருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை என்றால் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே போங்கள். மற்றபடி, அந்த நேரத்தில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி நாலும் இருக்கிற இடம்தான் பக்கத்து ஆஸ்பத்திரி, பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும். வாசலில் இறங்குமுன் போனிலேயே கேளுங்கள்: "இப்போ ஆபரேஷன் பண்ண சர்ஜனும் அனஸ்தடிஸ்ட்டும் இருக்காங்களா? ரத்தம் இருக்கா?" இருக்கிறார்கள் என்பதற்கும் கூப்பிட்டால் வருவார்கள் என்பதற்கும் இரவு இரண்டு மணிக்கு நிறைய வித்தியாசம் உண்டு. 108 ஆட்களுக்கு எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும். அவர்கள் சொல்வதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

திருவண்ணாமலை ரோட்டில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் வேலூர் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின்) வளாகம் 2022-ல் வந்தபோது விபத்துச் சிகிச்சை மையமும் அங்கே அமைந்தது. வாலாஜாவில் அரசு ஆஸ்பத்திரி. நீங்கள் தினமும் போய் வரும் வழியில் எந்த இடம் எங்கே இருக்கிறது என்பதை, அமைதியான ஒரு நாளில் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு கூட்டத்தில் பத்துப் பேர் பத்து ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வார்கள்.

எலும்பு என்றவுடன் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், பாதம் சில்லிட்டு மரத்துப் போனால், விரலை அசைக்க முடியாவிட்டால், எந்தக் கட்டும் கட்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரத்த ஓட்டம் இல்லாத கால் தசை சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும். எலும்பு தெரியும் காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போனால் பின்னால் சீழ் பிடிப்பது குறைகிறது.

பணத்தைப் பற்றி: "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது 81 வகைச் சிகிச்சைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். சித்தூரிலிருந்து காட்பாடி வழியாக வந்து இங்கே அடிபடுகிற ஆந்திராக்காரர்களுக்கும் இது உண்டு. போனவுடன் "நம்மைக் காக்கும் 48-ல சேருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

காஷுவாலிட்டியில்

உள்ளே போனவுடன் துணியைக் கத்தரியால் வெட்டுவோம். புது ஜீன்ஸ், கல்யாணப் புடவை என்று வருத்தப்படாதீர்கள். முதுகுப் பக்கத்துக் காயம் துணிக்குள் ஒளிந்திருந்தால் அதைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். அடிதடி, கத்திக்குத்து கேஸ் என்றால் அந்தத் துணியைத் துவைக்காதீர்கள், தூக்கியும் போடாதீர்கள், போலீஸ் கேட்பார்கள். ஏ.ஆர். என்ட்ரி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது) போட்டால்தான் வைத்தியம் என்று யாராவது சொன்னால் அது தப்பு. உயிரைக் காப்பாற்றுவது முதலில், காகிதம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

குடும்பத்தில் பதறாத ஒருவரை மட்டும் டாக்டரிடம் நிற்க வையுங்கள். அவரிடம் இவற்றைக் கேட்போம். எத்தனை மணிக்கு அடிபட்டது? எப்படி? கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார்? சர்க்கரை, ஆஸ்துமா, முன்னால் செய்த ஆபரேஷன், மருந்து ஒத்துக்கொள்ளாமை உண்டா? பெண் என்றால் கர்ப்பமா? என்ன மாத்திரை போடுகிறார்?

அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். நம் பக்கத்தில் இதய வால்வு மாற்றி அசிட்ரோம் போடுகிறவர்கள், ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் போடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. சின்ன அடியும் மூளையில் பெரிய கசிவாகும். மாத்திரை பெயர் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போன் போட்டு மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிலவகை பி.பி. மாத்திரை போடுகிறவருக்கு எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி வேகமாக ஓடாது. அது தெரியாவிட்டால் டாக்டர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

மணியை ஏன் கேட்கிறோம் என்று முன்னால் சொல்லாமல் விட்டேன் அல்லவா? ரத்தக் கட்டியைக் கரையவிடாமல் பிடித்து வைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு ஊசி இருக்கிறது. விலை குறைந்த, பழைய மருந்து. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது. மூன்று மணி தாண்டிப் போட்டால் நன்மைக்குப் பதில் கெடுதல் வரக்கூடும். முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். "சாயங்காலம் எப்பவோ" என்று பதில் வந்தால் டாக்டர் என்ன செய்வார்?

அங்கே நடப்பதைப் பார்த்து மிரளாதீர்கள். வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் ஓட்டுவது உள்ளே ரத்தம் இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் பார்ப்பதற்கு. விலாவில் துளை போட்டு டியூப் விட்டால் நுரையீரலை அழுத்தும் காற்றும் ரத்தமும் பாட்டிலுக்குள் வரும். குமிழ் குமிழாக வருவது நல்லதுதான். பாட்டிலைத் தூக்கிக் கட்டிலில் வைக்க மட்டும் வேண்டாம். இடுப்பைச் சுற்றிப் பெட்ஷீட்டை இறுக்கிக் கட்டியிருந்தால் இடுப்பெலும்பு விரியாமல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இறுக்கமாக இருக்கிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. சலைன் மிச்சமிருக்கும் ரத்தத்தை நீர்க்க வைத்து, உடம்பைக் குளிர வைத்து, உறையாமல் செய்துவிடுகிறது. ரத்தம் போனவருக்கு ரத்தமே கொடுக்க வேண்டும். சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றையும் கிட்டத்தட்ட சம அளவில்.

அதனால் ரத்தம் கொடுக்க ஆள் கேட்போம். குடித்தவர், மாலை போட்டுப் பட்டினி இருப்பவர் வேண்டாம். 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடை, மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுக்காத ஆண்கள், நாலு மாதத்துக்குள் கொடுக்காத பெண்கள் வரலாம். எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இருப்பில் எடுத்ததைத் திருப்பி வைப்பதுதான் அது.

தியேட்டருக்குள்

இரண்டு வருடம் முன்பு, மினி வேன் ஓட்டும் ஒரு தம்பி, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதி வந்தான். விடியற்காலை நாலு மணி இருக்கும். ஸ்டியரிங் வயிற்றில் இறங்கியிருந்தது. வயிற்றைத் திறந்தவுடன் ரத்தம் டேபிளிலிருந்து என் செருப்பு வரை வந்தது. மண்ணீரல் நசுங்கிப் போயிருந்தது, அதை எடுத்தாகிவிட்டது. கல்லீரலின் வலது பக்கம் ஆழமாகப் பிளந்திருந்தது.

பழைய காலமாக இருந்தால் அந்தக் கல்லீரலைத் தைத்து, குடலைத் தேடித் தேடிச் சரிசெய்து, நாலு மணி நேரம் நின்றிருப்பார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா சர்ஜன்கள் 1993-ல் ஒரு கட்டுரை எழுதிய பிறகு உலகமெங்கும் அந்தப் பழக்கம் மாறியது. ஓட்டை விழுந்த கப்பலை நடுக்கடலில் முழுசாகப் பழுது பார்க்க மாட்டார்கள், மூழ்காமல் அடைத்துக் கரைக்குக் கொண்டு வருவார்கள். அதே முறை. ரத்தம் நிறையப் போனவருக்கு உடம்பு குளிரும், ரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் சக்தி போகும். மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். அந்த நிலையில் நீளமான ஆபரேஷனே ஆளைக் கொன்றுவிடும்.

அன்று என் கையிலிருந்து மாப் ஒவ்வொன்றாகப் போனது. மாப் என்பது உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைத் துணி மடிப்பு, ஓரத்தில் ஒரு நாடா இருக்கும். சர்ஜன் கல்லீரலை இரண்டு கையாலும் புத்தகம் மூடுவது போலச் சேர்த்துப் பிடிக்க, உதவி டாக்டர் மேலேயும் கீழேயும் மாப்பைத் திணித்தார். நான் சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது வைத்தபோது ரத்தம் ஊறுவது நின்றது. மயக்க மருந்து டாக்டர் உடம்புச் சூடு 34 என்றார். ஏ.சி.யை முன்பே நிறுத்தியிருந்தோம். சலைனைச் சுட வைத்துத்தான் ஊற்றினோம். கால், நெஞ்சு எல்லாம் போர்த்தியிருந்தோம். இருந்தும் 34. சர்ஜன் உடனே நிறுத்தினார். மாப்பை உள்ளேயே விட்டு, வயிற்றைத் தைக்காமல், சுத்தமான பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்துச் சுற்றிலும் தைத்து மூடி, ஐ.சி.யு.வுக்கு அனுப்பினார். ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. போர்டில் "உள்ளே 6" என்று பெரிதாக எழுதி, கேஸ் ஷீட்டிலும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம்.

வெளியே அவன் அப்பா பிளாஸ்டிக் வழியாகக் குடல் தெரிவதைப் பார்த்துவிட்டார். "இன்னா சிஸ்டர், புள்ள வவுத்த அப்டியே தொறந்து வுட்டிருக்கீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோருக்கும் வரும் கோபம்தான், பயம்தான். நான் அவரை உட்கார வைத்துச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஐயா, பாதியில் விட்டுவிடவில்லை. முதல் ஆபரேஷன் ரத்தத்தை நிறுத்த மட்டும். இப்போது ஐ.சி.யு.வில் உடம்பைச் சூடாக்கி, ரத்தம் கொடுத்து, தேற்றுவார்கள். ஒன்று, இரண்டு நாளில் திரும்ப உள்ளே கொண்டு போய், வைத்த துணியை எடுத்து, மீதி வேலையைச் செய்து மூடுவார்கள். இன்று இறுக்கித் தைத்தால், வீங்கிய குடல் மூச்சையும் சிறுநீரகத்தையும் அழுத்திவிடும்.

இப்படிச் சொல்ல எங்களுக்கு எப்போதும் நேரம் கிடைப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு பஸ் கவிழ்ந்து எட்டுப் பேர் வந்தால், ஒரு மயக்க மருந்து டாக்டர், ஒரு தியேட்டர், யாரை முதலில் எடுப்பது என்று அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். உடனே எடுக்க வேண்டியவர் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கக்கூடியவர் மஞ்சள், காத்திருக்கக்கூடியவர் பச்சை என்று பிரிப்போம். சத்தம் போடுகிறவர் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பச்சை. சத்தமே போடாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்ப்போம். உங்கள் ஆளைத் தாண்டி இன்னொருவரை உள்ளே கொண்டு போனால் அதற்கு இதுதான் காரணம்.

மெஷினும் மாடும்

ஷூ கம்பெனி, தோல் பதனிடும் இடம், சிப்காட், தெருவோரக் கரும்புச்சாறு மெஷின் என்று விரல் போகும் இடங்கள் நமக்கு அதிகம். துண்டான விரலைச் சிலர் ஐஸ் கட்டிக்குள் நேராகப் போட்டுக் கொண்டு வருகிறார்கள், சிலர் தண்ணீர் டம்ளரில். இரண்டிலும் திசு கெட்டுவிடும். சுத்தமான துணியைச் சலைனில் அல்லது நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடக் கூடாது. பையில் பெயரும் மணியும் எழுதுங்கள். அடிபட்ட கையில் மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். நசுங்கியதோ துண்டானதோ, ஒட்ட முடியுமா என்று கை அறுவை சிகிச்சை டாக்டர் சொல்லட்டும். நீங்களாக முடிவு செய்து தூக்கிப் போடாதீர்கள்.

தை, மாசியில் எருது விடும் விழா நடக்கும்போது எங்களுக்குக் கொம்புக் காயம் வரும். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு ஓட்டை; உள்ளே அது ஒரு சாண் போயிருக்கும், மண்ணும் சாணியும் கூடவே. தையல் மட்டும் போட்டுக்கொண்டு திரும்ப ஓட்டம் பார்க்கப் போகிறவர்கள் மூன்றாம் நாள் வயிறு வீங்கி வருகிறார்கள். குடல் வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடி, அதன் மேல் பிளாஸ்டிக் போர்த்தி, முழங்காலை மடக்கிப் படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

அந்த மினி வேன் தம்பியை இரண்டாம் நாள் காலை திரும்ப டேபிளில் எடுத்தோம். கல்லீரல் காய்ந்திருந்தது. சலைன் ஊற்றி நனைத்து, மெதுவாக, ஒவ்வொரு மாப்பாக எடுத்தார்கள். நான் தட்டில் வரிசையாக வைத்து எண்ணினேன். ஆறு. இன்னொரு சிஸ்டரும் எண்ணினார். ஆறு. அப்புறம்தான் மூடினார்கள்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனான். டிஸ்சார்ஜ் சம்மரி என்ற அந்த நாலு பக்கத்தை நம் ஆட்கள் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். அதை ஒரு தடவை உட்கார்ந்து டாக்டரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த உறுப்பை எடுத்தார்கள், உள்ளே பிளேட்டோ கம்பியோ இருக்கிறதா, எப்போது திரும்ப வர வேண்டும், எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேளுங்கள். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் அசையாதவர்கள் வீட்டில் முடங்கிவிட வேண்டாம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. அந்தத் துறையை நடத்திய மேரி வர்கீஸ் டாக்டரே 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர்.

மண்ணீரலை எடுத்திருந்தால் இன்னொன்று. அது இல்லாத உடம்புக்குச் சில கிருமிகளை எதிர்க்க வலு குறைவு. நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் வரவழைக்கும் கிருமிகளுக்கான தடுப்பூசிகளைப் பொதுவாக ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆனதும் போடச் சொல்வார்கள், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க, குளிர் காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பிக்கு நானே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். லேமினேட் செய்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான்.